பூவையும் காயையும் வைத்துத் தெரியாத மரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய வீடு வாங்கினால் தோட்டத்தில் ஒரு மரமாவது பெயர் தெரியாமல் நிற்கும். பூக்கும், காய்க்கும், கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். அப்படி ஒரு மரத்தின் முன் நிற்பவருக்காக எழுதியது இது.

புதிதாக இறங்குபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் வரிசையில்தான். யாரோ சொன்ன பெயரையோ மொபைல் காட்டிய பெயரையோ முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். அப்புறம் மரத்தை அந்தப் பெயருக்கு ஏற்றபடி பார்க்கத் தொடங்குகிறார்கள். பெயர் கடைசியில் வரட்டும்.

முழு வேலைக்கும் அடிப்படை ஒன்றே. பூவின் நடுவில் விதை உருவாகும் பையான சூற்பைதான் வளர்ந்து காயாகிறது. அதனால் பூவில் பார்த்தது காயிலும், காயில் பார்த்தது பூவிலும் ஏதோ ஒரு வடிவில் தெரிய வேண்டும். பூவுக்குப் பொருந்திக் காய்க்குப் பொருந்தாத பெயர், எவ்வளவு ஆசையாக இருந்தாலும், அந்த மரத்தின் பெயர் ஆகாது.

1. கையில் இருக்க வேண்டியவை

10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், புதிய சவர பிளேடு, 15 செ.மீ. ஸ்கேல், நோட்டு, பென்சில், துரட்டி, கொஞ்சம் பழைய செய்தித்தாள், ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர், மொபைல். இவ்வளவு போதும்.

பிளேடு புதிதாகவே இருக்கட்டும். மழுங்கிய பிளேடு சிறிய சூற்பையை நசுக்கிவிடும். உள்ளே எத்தனை அறை என்று தெரியாமல் போகும். ஈரக்கை பட்டால் பேனா மை கலையும், அதனால்தான் பென்சில்.

காலை 7 மணியிலிருந்து 9 மணிக்குள் போவது நல்லது. வெயில் ஏறினால் பல பூக்கள் வாடும், இதழ் உதிரும். மரமல்லியும் பவளமல்லியும் இரவில் மலர்ந்து விடியும்போது தரையில் கிடப்பவை; அவற்றுக்கு இன்னும் சீக்கிரம் போக வேண்டும். பூவின் நிறத்தை எழுதும்போது மணியையும் சேர்த்து எழுதுங்கள். பூவரசம்பூ மலரும்போது மஞ்சள், வாடும்போது சிவந்துவிடும். நேரம் குறிக்காதவர் அதை இரண்டு மரமாகவே எண்ணுவார்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது: தெரியாத காயை நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். எட்டிப்பழம் பார்க்க அழகான ஆரஞ்சு உருண்டை. உப்பங்கழியோரம் வளரும் ஒதளங்காய் பச்சை மாங்காயைப் போலவே தொங்கும். மஞ்சள் அரளிக் கொட்டை இதயத் துடிப்பையே குலைக்கும். மூன்றும் உயிரை எடுக்கக்கூடியவை. கிள்ளினால் பால் வரும் மரமென்றால் கையைக் கழுவும்வரை கண்ணைத் தொடாதீர்கள்.

2. தொடுவதற்கு முன் மரத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள்

நீங்கள் பார்க்கும் பூ அந்த மரத்தின் பூதானா? அசட்டுக் கேள்வியாகத் தோன்றும், ஆனால் அடிக்கடி தவறு நடக்கும் இடம் இது. மாமரத்தில் நீளமான குழாய்ப் பூ பூத்திருக்கிறது என்று படம் அனுப்புவார்கள். கிளையில் ஒட்டி வளரும் புல்லுருவியின் பூ அது. மரத்தில் ஏறிய கொடியின் பூவும் இப்படி ஏமாற்றும். பூ இருக்கும் கிளையைக் கண்ணால் பின்தொடர்ந்து அடிமரம்வரை வந்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

தரையில் கிடக்கும் காயை எடுப்பதில் தப்பில்லை. அதே காய் மேலே தொங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் கணக்கில் சேர்க்க வேண்டும். காற்றும் வௌவாலும் பக்கத்துத் தோட்டத்துக் காயை உங்கள் மரத்தடியில் கொண்டுவந்து போடும்.

பூ எங்கே பூக்கிறது என்றும் எழுதுங்கள்: கிளை நுனியிலா, இலைக் கக்கத்திலா, பழைய கட்டையிலா? நாகலிங்கத்தைப் போல அடிமரத்திலேயே பூப்பவை சிலதான். அப்படி ஒன்று கிடைத்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

3. இலையிடம் மூன்று கேள்வி மட்டும்

பூவுக்கும் காய்க்கும் போவதற்கு முன் இலையில் மூன்றே விஷயம் போதும்: தனி இலையா கூட்டிலையா, எதிரெதிராக இருக்கிறதா மாறிமாறி இருக்கிறதா, காம்பைக் கிள்ளினால் பால் வருகிறதா.

முதல் கேள்வியில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். வேப்பிலை என்று நாம் கிள்ளும் சின்ன இலை ஒரு சிற்றிலை. அப்படிப் பல சிற்றிலைகள் கோத்த முழு ஈர்க்குதான் ஓர் இலை. கண்டுபிடிக்க எளிய வழி: காம்பு சேரும் கக்கத்தில் மொட்டு இருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். இலைக் காம்பின் அடியில் மொட்டு இருக்கும், சிற்றிலையின் அடியில் இருக்காது.

இதைச் சரியாகப் பார்த்தால் வேம்பும் மலைவேம்பும் அந்த நொடியே பிரிந்துவிடும். வேம்பில் சிற்றிலைகள் நடு ஈர்க்கிலேயே நேரடியாக இருக்கும். மலைவேம்பில் ஈர்க்கு மறுபடி கிளைத்து, அந்தக் கிளைகளில் சிற்றிலைகள் இருக்கும்.

4. பூவை வெளியிலிருந்து உள்ளே எண்ணிக்கொண்டு போங்கள்

ஒரு பூ போதாது. வெவ்வேறு கொத்திலிருந்து ஐந்து பூக்களும் சில மொட்டுகளும் எடுங்கள். பூச்சி கடித்த பூவில் எண்ணிக்கை தப்பும். மலர்ந்த பூவில் உதிர்ந்துபோன உறுப்பு மொட்டுக்குள் பத்திரமாக இருக்கும்.

வரிசை இதுதான்: புல்லி இதழ் (மொட்டை மூடியிருக்கும் வெளிவட்டம்), அல்லி இதழ் (நாம் பூவிதழ் என்பது), மகரந்தத்தாள் (மகரந்தம் தாங்கும் இழை), சூலகம் (சூற்பை உள்ள நடுப்பகுதி). ஒவ்வொரு வட்டமாக எண்ணி, எழுதி, பிய்த்து, அடுத்ததற்குப் போக வேண்டும். நடுவில் கைவைத்தால் வெளி இதழ்கள் சிதறி எது எந்த வட்டம் என்று குழம்பும்.

ஒவ்வொரு வட்டத்திலும் எண்ணிக்கையோடு இன்னொன்றையும் குறியுங்கள்: தனித்தனியா, ஒட்டியிருக்கிறதா? இதழ்கள் தனித்தனியாக உதிரும் பூவும், அடியில் இணைந்து முழுக் குழாயாகக் கழலும் பூவும் வேறு வேறு தாவரக் குடும்பங்களுக்கு உங்களைக் கூட்டிப் போகும்.

எண்ணுவதால் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு மந்தாரையைக் காட்டலாம். இலை நடுவில் பிளந்து மாட்டுக் குளம்பு போல இருக்கும். குடும்பத்தில் சந்தேகமே வராது. ஆனால் எந்த மந்தாரை? பூவில் முழு வளர்ச்சியுள்ள மகரந்தத்தாள் பெரும்பாலும் 3 என்றால் பாஹினியா பர்பூரியா. 5 என்றால் பாஹினியா வேரிகேட்டா. 10 இருந்து பூ வெள்ளை என்றால் பாஹினியா அக்குமினேட்டா, மஞ்சள் என்றால் பாஹினியா டொமென்டோசா. முதல் இரண்டும் இளஞ்சிவப்பிலிருந்து ஊதாவரை மாறும் என்பதால் நிறத்தை நம்பிப் பிரிக்கவே முடியாது. தாளை எண்ணியவருக்கு அரை நிமிட வேலை.

எண்ணிக்கை பூஜ்யமாக இருப்பதும் தகவல்தான். அசோகத்தின் ஆரஞ்சுக் கொத்தில் இதழ் போலத் தெரியும் நான்கும் புல்லி வட்டத்தைச் சேர்ந்தவை. அதற்கு அல்லி இதழே கிடையாது. 'இதழ் 4' என்று எழுதிவைத்தால் பிறகு எந்த விளக்கத்தோடும் ஒத்துவராது. மொட்டைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் வெளியே இருப்பது புல்லி வட்டம், அது எந்த நிறமானாலும்.

5. பூவை வெட்டுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். இதில்லாமல் காயைப் படிக்க முடியாது.

ஒரு பூவைக் காம்போடு சேர்த்து நெடுக்காக இரண்டாகப் பிளந்து, இதழ்கள் எங்கிருந்து கிளம்புகின்றன என்று பாருங்கள். சூற்பைக்கு அடியிலிருந்து கிளம்பினால் மேல்மட்டச் சூற்பை. சூற்பையின் தலைமேலிருந்து கிளம்பினால் கீழ்மட்டச் சூற்பை. கொய்யாப் பூவைப் பிளந்தால் சூற்பை இதழ்களுக்குக் கீழே புதைந்திருப்பது நன்றாகத் தெரியும். பூவரசம்பூவில் அது இதழ்களுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். பழகுவதற்கு இந்த இரண்டையும் முதலில் வெட்டிப் பாருங்கள்.

அடுத்து, இன்னொரு பூவின் சூற்பையைக் குறுக்காக வெட்டி அறைகளை எண்ணுங்கள். கருப்புத் துணியோ காகிதமோ அடியில் வைத்தால் லென்ஸில் தெளிவாகத் தெரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. காயில் ஒரே விதைதான் இருக்கிறது, அதனால் பூவிலும் ஓர் அறைதான் இருக்கும் என்று எண்ணாமலே எழுதிவிடாதீர்கள். வேப்பம்பூவின் சூற்பையில் மூன்று அறைகள். வேப்பம்பழத்தில் பெரும்பாலும் ஒரு கொட்டைதான். மற்றவை வளராமல் நின்றுவிடும்.

6. காயைப் படியுங்கள்

பிஞ்சு, முற்றிய காய், பழுத்தது அல்லது காய்ந்தது என்று மூன்று நிலையிலும் சேகரியுங்கள். பிஞ்சில் பூவின் மிச்சங்கள் ஒட்டியிருக்கும். காய்ந்ததில்தான் அது எப்படி வெடிக்கிறது என்று தெரியும். நடுவிலுள்ள பச்சைக்காயை மட்டும் படம் பிடித்து வருபவர்கள் இந்த இரண்டையும் இழக்கிறார்கள்.

முதலில் புல்லி வட்டத்தின் மிச்சத்தைத் தேடுங்கள். காம்புப் பக்கம் இருந்தால் சூற்பை மேல்மட்டம்; மங்குஸ்தான், பூவரசங்காய், கத்தரிக்காய் எல்லாம் அப்படி. காம்புக்கு எதிர்முனையில் இருந்தால் கீழ்மட்டம். கொய்யாவின் அடியிலிருக்கும் காய்ந்த முடியும், மாதுளையின் கிரீடமும், நாவல்பழத்தின் நுனி வளையமும் இதைத்தான் சொல்கின்றன. ஐந்தாம் படியில் எழுதியதோடு ஒப்பிடுங்கள். ஒத்துவரவில்லை என்றால் பூவும் காயும் ஒரே மரத்துடையதா என்று திரும்பிப் போய்ப் பாருங்கள்.

அடுத்த கேள்வி: ஒரு பூவிலிருந்து எத்தனை காய்? நெட்டிலிங்கத்தில் ஒரே பூவிலிருந்து முட்டை வடிவக் காய்கள் ஒரு கொத்தாகத் தொங்கும். எல்லாக் காய்க் காம்பும் ஒரே புள்ளியில் சேரும். பல பூக்களின் கொத்து என்று அதை நினைத்துவிடுவது சாதாரணமாக நடப்பது.

சீத்தாப்பழமும் நுணாப்பழமும் இதைவிடச் சுவாரசியம். இரண்டின் மேலும் கண் கண்ணாகப் புடைப்புகள். சீத்தாவில் ஒரே பூவின் பல சூலகங்கள் சேர்ந்து அந்தப் பழம் ஆகின்றன. நுணாவில் ஒவ்வொரு கண்ணும் ஒரு தனிப் பூ இருந்த இடம். உருண்டைத் தலையில் நெருக்கமாக உட்கார்ந்த பூக்களின் சூற்பைகள் ஒன்றாக ஒட்டி ஒரே பழமாகிவிடுகின்றன. பழத்தை மட்டும் வைத்து இதைச் சொல்வது கடினம். பூவோடு சேர்த்துப் பார்த்தால் சிறுபிள்ளையும் சொல்லிவிடும்.

அப்புறம் சதைப்பற்றா, உலர்ந்ததா; உலர்ந்தது என்றால் தானாக வெடிக்கிறதா, எத்தனை மடலாக வெடிக்கிறது, விதைக்கு இறகோ பஞ்சோ இருக்கிறதா என்று எழுதுங்கள். காயை ஒருமுறை நெடுக்காகவும் ஒருமுறை குறுக்காகவும் வெட்டி, ஸ்கேலோடு படம் எடுங்கள்.

7. ஒரு மரத்தை முழுவதும் செய்து பார்ப்போம்: மஞ்சள் பூ

நம் ஊரில் மஞ்சள் பூ மரம் எதுவானாலும் 'கொன்றை' என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். தோட்டத்தில் அப்படி ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

இதழ்கள் இணைந்து புனல் போல இருந்தால் கொன்றை வகையை உடனே விட்டுவிடலாம். கிள்ளினால் பால் வந்து, இலை ஒடுங்கி நீண்டிருந்தால் மஞ்சள் அரளி. பால் இல்லாமல், கூட்டிலைகள் எதிரெதிராக இருந்து, மெல்லிய நீளக் காய் வெடித்து இறகு வைத்த விதை பறந்தால் டெகோமா ஸ்டான்ஸ்.

இதழ் ஐந்தும் தனித்தனி, சூற்பையில் ஓர் அறை, காய் அவரை போன்ற நெற்று என்றால் கொன்றைக் கூட்டத்துக்குள் வந்துவிட்டோம். இனி இலையையும் நெற்றையும் பாருங்கள்.

நெற்று நீளமான உருண்டைக் குழாய், 30 முதல் 60 செ.மீ., கரும்பழுப்பு, உள்ளே குறுக்குத் தட்டுகளும் ஒட்டும் கருஞ்சதையும்: சரக்கொன்றை. பூங்கொத்து கீழே தொங்குவதும் பொருந்தும். இலை இரண்டாம் முறை கிளைத்து, மொட்டு துரு நிறத்தில் வெல்வெட் போல இருந்து, பூங்கொத்து நிமிர்ந்து, தட்டையான செம்பு நிற நெற்றின் இரு விளிம்பிலும் மெல்லிய இறக்கை ஓடினால்: பெல்டோபோரம், நாம் இயல்வாகை என்பது.

இலை ஒருமுறைதான் கிளைக்கிறது, பூங்கொத்து நிமிர்ந்திருக்கிறது என்றால் இன்னும் இரண்டு மரங்கள் மிச்சம், இரண்டுக்கும் 'மஞ்சள்கொன்றை' என்ற பெயர் புழங்குகிறது. நெற்று தட்டையாக இருந்தால் சாலையோரங்களில் நிறைய நட்ட சென்னா சயாமியா. நெற்று உருண்டையாக இருந்தால் சென்னா ஸ்பெக்டபிலிஸ், முதுமலைப் பக்கம் வனத்துறை அகற்றிவரும் அந்நியக் களை மரம். ஒன்று நிழலுக்கு நிற்கட்டும் என்று விடலாம், மற்றது காட்டோரத் தோட்டத்தில் இருக்கவே கூடாது. பூவை மட்டும் பார்த்து இந்த முடிவை எடுக்க முடியாது.

8. குடும்பத்தைக் குறியுங்கள்

நோட்டில் உள்ளதை வைத்து, நேராகப் பெயருக்குத் தாவாமல், குடும்பத்தை ஊகியுங்கள். அடிக்கடி கைகொடுப்பவை இவை.

மகரந்தத்தாள்கள் ஒட்டி ஒரே குழாயாகி, இலை தனி இலையாக இருந்தால் செம்பருத்திக் குடும்பமான மால்வேசி. அதே குழாய், ஆனால் கூட்டிலை என்றால் வேம்பின் மீலியேசி.

எதிரிலை, எண்ண முடியாத அளவுக்குத் தாள்கள், கீழ்மட்டச் சூற்பை, இலையை வெளிச்சத்தில் பிடித்தால் ஊசிப் புள்ளிகள், கசக்கினால் மணம்: மிர்ட்டேசி, அதாவது நாவல், கொய்யா.

எல்லாம் மூன்று மூன்றாக இருந்தால் சீத்தாவின் அனோனேசி. எதிரெதிர்த் தனி இலை, இரு காம்புகளுக்கு நடுவே தண்டில் சின்னச் செதில், கீழ்மட்டச் சூற்பை என்றால் நுணா, கடம்பு சேர்ந்த ரூபியேசி. பாலும் இருந்து, மொட்டில் இதழ்கள் திருகியும் இருந்தால் அப்போசைனேசி. விஷமுள்ளவை அதிகம் உள்ள குடும்பம், கவனம்.

9. இப்போது மொபைலை எடுங்கள்

கூகுள் லென்ஸ், பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட் எல்லாம் நல்ல கருவிகள்தான். பத்தடி தூரத்திலிருந்து எடுத்த ஒரு பூங்கொத்துப் படத்தைக் கொடுத்துவிட்டு முடிவை நம்புவதுதான் தப்பு.

முழு மரம், எதிரிலையா மாற்றிலையா என்று தெரியும்படி ஒரு கிளை, பூவின் முகம், பூவின் பக்கவாட்டு, நெடுக்காக வெட்டிய பூ, காய், வெட்டிய காய் என்று தனித்தனிப் படங்கள் எடுங்கள். பக்கவாட்டுப் படத்தை யாரும் எடுப்பதில்லை. புல்லி வட்டம் அதில்தான் தெரியும். ஐநேச்சுரலிஸ்டில் ஏற்றினால் நட்டு வளர்த்த மரம் என்பதைக் குறிக்கத் தவறாதீர்கள். அப்படிக் குறித்த பதிவுகளைக் குறைவான பேர்தான் பார்ப்பார்கள் என்றாலும், தோட்டத்து மரத்தைக் காட்டு மரமாகப் பதிவது பிறரைத் திசைதிருப்பும்.

கருவி தரும் பெயர்களில் முதல் மூன்றை எழுதிக்கொள்ளுங்கள். எட்டாம் படியில் நீங்கள் ஊகித்த குடும்பத்தில் இல்லாததை அடித்துவிடுங்கள்.

10. மிச்சமுள்ள பெயரை உடைக்கப் பாருங்கள்

பொருந்துகிறவற்றைத் தேடினால் எல்லாப் பெயரும் பொருந்தும். பொருந்தாத ஒன்றைத் தேடுங்கள். தாவரவியல் பெயரை வைத்து முழு விளக்கத்தை எடுத்து, நோட்டோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். இலையின் அளவு, பூவின் நிறம் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். இலை அமைவு, சூற்பையின் இடம், காயின் வகை ஆகிய மூன்றில் ஒன்று இடித்தாலும் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள்.

பள்ளி வளாகங்களில் ஒட்டடைக்குச்சி போல நேராக நிற்கும் நெட்டிலிங்கத்தை 'அசோக மரம்' என்று பலகை எழுதி வைத்திருப்பார்கள். அதற்குத் தனி இலை. பூ பச்சை நட்சத்திரம், இதழ் ஆறு. காய் கொத்துக் கொத்தாக முட்டை வடிவம். உண்மையான அசோகத்துக்குக் கூட்டிலை, ஆரஞ்சுக் கொத்து, தட்டையான நெற்று. மேலே சொன்ன மூன்றில் இலையும் காயும் இடிக்கின்றன. பலகையில் இருப்பதால் பெயர் சரியாகிவிடாது.

இரண்டு இடங்களில் இரண்டு தாவரவியல் பெயர் கிடைத்தால் பயப்பட வேண்டாம். நெட்டிலிங்கம் முன்பு பாலியால்தியா லாங்கிஃபோலியா, இப்போது மோனூன் லாங்கிஃபோலியம். லண்டனிலுள்ள கியூ தாவரவியல் பூங்காவின் 'பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன்' தளத்தில் பழைய பெயரைத் தட்டினால் இன்றைய பெயர் வந்துவிடும்.

11. காயே கிடைக்கவில்லை என்றால்

முதலில் போன வருடத்து நெற்று கிளையிலோ சருகுக்குள்ளோ இருக்கிறதா என்று தேடுங்கள். வாகை நெற்று மாதக்கணக்கில் மரத்திலேயே கலகலத்துக்கொண்டிருக்கும்.

ஆண் மரமாக இருக்கலாம். பனை, பப்பாளி போல ஆண் பெண் தனித்தனியாக உள்ள வகைகளில் ஆண் பூவில் சூற்பை வளர்ச்சி இருக்காது. காய்க்காத கலப்பினமாகவும் இருக்கலாம். ஹாங்காங் கொடியில் உள்ள மந்தாரையான பாஹினியா பிளேக்கியானா அப்படிப்பட்டது. ஐந்து தாளும் கருஞ்சிவப்புப் பூவும் இருந்து, வருடம் முழுவதும் ஒரு நெற்றும் பிடிக்கவில்லை என்றால் அந்தக் காயின்மையே அடையாளம். மரமல்லியும் நம் ஊரில் அபூர்வமாகத்தான் காய்க்கும்.

பூவே இல்லாமல் காய் மட்டும் வருகிறது என்பார்கள் சிலர். காயை வெட்டிப் பாருங்கள். உள்சுவர் முழுக்கச் சின்னஞ்சிறு பூக்கள் இருந்தால் அது அத்தி, ஆல், அரசு வகை.

12. இன்னும் முடியவில்லை என்றால் மாதிரி தயார் செய்யுங்கள்

இலை, பூ, காய் மூன்றும் உள்ள ஒரு சிறு கிளையை வெட்டி, மடித்த செய்தித்தாளுக்குள் பரப்புங்கள். ஹெர்பேரியம் (காய்ந்த தாவர மாதிரிகளைச் சேமிக்கும் இடம்) பயன்படுத்தும் தாள் சுமார் 28 × 42 செ.மீ.; கிளை அதற்குள் அடங்க வேண்டும், நீளமானால் மடக்கிக்கொள்ளலாம். இலைகளில் ஒன்றிரண்டைத் திருப்பி வையுங்கள், அடிப்பக்கமும் தெரிய வேண்டும். மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, முதல் சில நாட்கள் தினமும் தாளை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். பெரிய காயை அழுத்த முடியாது. தனியாகக் காயவைத்து, கிளைக்கும் காய்க்கும் ஒரே எண் போட்டுச் சீட்டுக் கட்டுங்கள்.

சீட்டில் தேதி, ஊர், மரத்தின் உயரம், பூவின் நிறம், மணம், பால் உண்டா என்று எழுத வேண்டும். காய்ந்த மாதிரியில் இவை எதுவும் மிஞ்சாது.

கோயம்புத்தூரில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. திருச்சி புனித வளனார் கல்லூரியில் ராபினட் ஹெர்பேரியம். இலங்கையில் இருப்பவர்களுக்குப் பேராதனைப் பூங்காவிலுள்ள தேசிய ஹெர்பேரியம். போவதற்கு முன் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். மாதிரியோடு வெட்டிய பூவின் படத்தையும், நீங்கள் எண்ணி எழுதிய நோட்டுப் பக்கத்தின் நகலையும் சேர்த்துக் கொடுத்தால் அவர்கள் வேலை பாதியாகக் குறையும்.